செல்போனுக்குள் ஒரு ஒற்றன்! உங்கள் ரசனையை மோப்பம் பிடித்து பாட்டு போடுகிறான்!!

புதுப்புது நாட்டுப்புற பாடகர்கள் சிக்குவது எப்படி? பக்கத்து ஊர் பம்பைக்காரர் மட்டும் அகப்படாதது ஏன்?

புதுவாயல்,

நீங்கள் எந்தப் பாட்டை முழுசாகக் கேட்கிறீர்கள், எதைப் பாதியில் தள்ளுகிறீர்கள், எதை ராத்திரி 11 மணிக்கு மூன்று தடவை திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள் என்று ஒருவன் குறித்துக் கொண்டே இருக்கிறான். அவன் இருப்பது உங்கள் சட்டைப் பைக்குள்! செல்போனில் பாட்டு கேட்கும் அத்தனை பேர் பின்னாலும் அவன் இருக்கிறான்.

அவனை வைத்துக்கொண்டு நல்ல காரியமும் செய்து கொள்ளலாம். சினிமாவை நம்பாமல் சொந்தக் கையில் பாட்டுக் கட்டிப் பாடும் புதிய நாட்டுப்புற பாடகர்களை அவன் மூலமாகவே கண்டுபிடித்து விடலாம். ஆனால் இந்த ஒற்றனுக்கு ஒரு கண் குருடு. உலகத்தில் எங்கோ இருப்பவனைக் காட்டுவான். உள்ளூர்க்காரனைக் காட்ட மாட்டான்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

நாற்சந்தி

சென்னையில் இருந்து கல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டைக்கு முன்னால் இருப்பது புதுவாயல். இங்கிருந்து மேற்கே திரும்பினால் ஆரணி வழியாக பெரியபாளையம். வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஷிப்டுக்குப் போகிறவர்கள், லாரிக்காரர்கள், செங்கல் ஏற்றுகிறவர்கள், பவானி அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் கடக்கிற இடம்.

இந்த வட்டாரத்தில் காதில் விழும் பாட்டு ஒரு ரகம் அல்ல. சிப்காட்டில் வேலை செய்யும் பீகார், ஒரிசாக்காரர்கள் போனில் போஜ்புரி பாட்டும் ஒடியா பாட்டும் ஓடும். எல்லை பக்கத்திலேயே என்பதால் தெலுங்கு பாட்டு. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதால் ஈழத்துப் பாட்டு. மின்சார ரெயிலில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து கானா. ஆடி பிறந்து விட்டாலோ பெரியபாளையம் போகும் கூட்டத்தின் பம்பை, உடுக்கைச் சத்தம். வேப்பிலை ஆடை கட்டிக்கொண்டு பக்தர்கள் வரும் அந்தக் கோவிலுக்கு ஆந்திராவில் இருந்தும் கூட்டம் வருகிறது.

இத்தனை பாட்டு இருக்கிற ஊரில், போனை எடுத்தால் அது போடுவது என்ன? பெரும்பாலும் போன வாரம் ரிலீஸ் ஆன சினிமா பாட்டு!

மூன்று துப்பு

ஒற்றன் வேலை செய்யும் விதத்தை போலீஸ் பாஷையில் சொன்னால் சட்டென்று புரியும். அவனுக்குக் கிடைப்பது மூன்று வகைத் துப்பு.

முதல் துப்பு, கூட்டாளி. புதுவாயல் பஸ் நிறுத்தத்தில் 100 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் 40 பேர் ஒரு கானா பாட்டை விரும்பிக் கேட்கிறார்கள். அந்த 40 பேரில் 30 பேர் இன்னொரு பறைப் பாட்டையும் கேட்கிறார்கள். இப்போது 101-வது ஆள் வந்து அந்தக் கானாவைப் போடுகிறார். ஒற்றன் உடனே, “இவருக்கும் அந்தப் பறைப் பாட்டு பிடிக்கும்” என்று முடிவு கட்டி விடுவான். பாட்டில் என்ன இருக்கிறது என்று அவன் பார்ப்பதே இல்லை. யாரோடு யார் சுற்றுகிறான் என்பதுதான் கணக்கு!

இரண்டாவது துப்பு, அங்க அடையாளம். பாட்டின் வேகம் என்ன, தாளம் எப்படி, குரல் முன்னால் நிற்கிறதா மேளம் முன்னால் நிற்கிறதா என்று எந்திரமே கேட்டுக் குறித்துக்கொள்ளும்.

மூன்றாவது துப்பு, ஊர் பேச்சு. பாட்டின் தலைப்பு, பாடியவர் பெயர், எந்தப் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறார்கள், அதைப்பற்றி யார் என்ன எழுதினார்கள் என்பது.

இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்துத்தான் “உங்களுக்காக” என்று ஒரு பட்டியல் வந்து விழுகிறது.

தபாலில் தொடங்கியது

இது நேற்று முளைத்த வித்தை இல்லை. 1994-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் “ரிங்கோ” என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எந்தப் பாடகர் எவ்வளவு பிடிக்கும் என்று 1 முதல் 7 வரை மார்க் போட்டு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அதே மாதிரி மார்க் போட்டவர்களைத் தேடிப்பிடித்து, அவர்களுக்குப் பிடித்த மற்ற பாடகர்களை ரிங்கோ திருப்பி எழுதும்.

2000-ம் ஆண்டில் தொடங்கிய பாண்டோரா கம்பெனி வேறு வழி பிடித்தது. இசை தெரிந்த ஆட்களை உட்கார வைத்து, ஒவ்வொரு பாட்டையும் காதால் கேட்டு குறிப்பு எழுத வைத்தார்கள். ஒரு பாட்டுக்கு 450 அடையாளங்கள் வரை! குரல் கரகரப்பா, வீணை மாதிரி தந்தியா, மேளம் எத்தனை என்று எல்லாம் கணக்கு.

2015 ஜூலையில் ஸ்பாட்டிஃபை கம்பெனி, திங்கட்கிழமைதோறும் ஆளுக்கு ஆள் வேறு வேறாக 30 பாட்டு கொண்ட பட்டியலை அனுப்பத் தொடங்கியது. அந்தக் கம்பெனி இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில்.

ஒன்று பிடித்தால் பத்து!

நாட்டுப்புற பாட்டுப் பிரியர்களுக்கு இதனால் என்ன லாபம்? ஒரு நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் தெரியும்.

2021 மார்ச்சில் வெளிவந்த “எஞ்சாய் எஞ்சாமி” பாட்டு தெரியாதவர்கள் இருக்க முடியாது. தெருக்குரல் அறிவும் தீயும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசையில் வந்தது. சினிமா பாட்டு இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையைத்தான் அறிவு அதில் கொண்டுவந்தார். கல்யாண வீடு, தேர்தல் மேடை, ஆட்டோ என்று எங்கும் அது ஓடியது.

பாட்டோடு நிற்காமல் பாடியவரைப் பிடித்துக்கொண்டு போனால் அறிவின் பின்னால் ஒரு பெரிய கோஷ்டியே வருகிறது. அதுதான் “தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்”. டைரக்டர் பா.ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரியில் சென்னையில் மேடை ஏறியபோது 19 பேர். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில்! “சாதி பேதமற்ற” என்று அயோத்திதாச பண்டிதர் சொன்ன வார்த்தையில் இருந்து எடுத்த பெயர் அது.

அந்தக் குழுவில் இருந்து இசைவாணி. ராயபுரத்துப் பெண். ஆண்கள் மட்டுமே பாடிக்கொண்டிருந்த கானாவில் துணிந்து குரல் கொடுத்தவர். 2020-ம் ஆண்டு உலகத்தின் 100 பெண்கள் பட்டியலில் பி.பி.சி. இவர் பெயரையும் சேர்த்தது.

இசைவாணியிடம் இருந்து நூல் கானா பக்கம் போகிறது. 2006-ல் “சித்திரம் பேசுதடி” படத்தில் மீன் கல்யாணப் பாட்டைப் பாடி ஊரை ஆட வைத்த கானா உலகநாதன், பிறகு கானா பாலா என்று வரிசை நீளும்.

டென்மாவிடம் இருந்து இழுத்தால் “குரங்கன்” என்ற இரட்டையர் குழு வருகிறது. அதில் டென்மாவுக்கு ஜோடி கபேர் வாசுகி. சொந்தமாக எழுதி, கிதாரோடு தமிழில் பாடுகிறவர். “இண்டி” என்று இங்கிலீஷ்காரர்கள் சொல்கிறார்களே, அந்தத் தனிப்பாட்டுக்கார ஜாதியில் நம்மூர் ஆள்.

எண்ணூர் பாட்டு

கபேர் வாசுகியிடம் வந்து விட்டால் கும்மிடிப்பூண்டி ரெயில்காரர்களுக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி! “சென்னை பொறம்போக்கு பாடல்” இவர் எழுதியதுதான். 2017 ஜனவரியில் வெளிவந்தது. பாடியவர் கர்நாடக சங்கீத வித்வான் டி.எம்.கிருஷ்ணா. படம் பிடித்தது எண்ணூர் கழிமுகத்தில்.

தினமும் காலையும் மாலையும் கும்மிடிப்பூண்டி ரெயில் எண்ணூரைக் கடக்கிறது. ஜன்னலில் தெரியும் அதே அனல் மின் நிலையப் புகைபோக்கி, அதே சாம்பல், அதே உப்பங்கழி பற்றித்தான் அந்தப் பாட்டு. ரெயிலில் போகிற எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்கள்? கேட்காதவர்களுக்கு ஒற்றன் தானாக வந்து சொல்ல மாட்டான். நூலை நாம்தான் இழுக்க வேண்டும்.

கிராமத்து மெட்டு பிடித்தவர்களுக்கு இன்னொரு நூல். தஞ்சாவூர்ப் பக்கத்து அந்தோணிதாசன், கரகாட்ட மேடையில் இருந்து வந்தவர். பிரதீப் குமார், தர்புகா சிவா ஆகியோருடன் சேர்ந்து “லா பொங்கல்” என்ற குழுவில் பாடினார். சின்னப்பொண்ணு, 2005-ல் “சந்திரமுகி” படத்திலும் 2008-ல் “காதலில் விழுந்தேன்” படத்திலும் பாடி ஊரெல்லாம் தெரிந்தவர். அதற்கு முன்னாலேயே கிராமத்து மேடைகளில் கொடி கட்டியவர்.

ஈழத்துப் பாட்டு பிடித்தவர்களுக்கு நித்தி கனகரத்தினம். சினிமாக் கம்பெனி தயவே இல்லாமல், கிதாரும் கையுமாக, பேச்சுத் தமிழில் பொப் இசை பாடி 1960, 70-களில் யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் கலக்கியவர். அதே வழியில் சிலோன் மனோகர். இன்றைக்கு “இண்டி” என்று பெயர் வைத்துக் கொண்டாடுவதை அவர்கள் அப்போதே செய்து காட்டி விட்டார்கள்!

வேறு பாஷைக்குத் தாவவும் தடை இல்லை. சிப்காட்டில் பக்கத்து மெஷினில் நிற்கும் வடக்கத்தி ஆள் கேட்கும் பாட்டு என்ன என்று கேட்டுப் பாருங்கள். கேரளத்தில் “அவியல்”, கர்நாடகத்தில் ரகு தீட்சித், டெல்லியில் “இந்தியன் ஓஷன்”, அசாமில் பாப்பான், பம்பாயில் கபீர் பாட்டுக்களைப் பாடும் “கபீர் கபே” என்று நாடு முழுக்க நாட்டுப்பாட்டை கிதாரோடு கட்டிப்போட்ட கோஷ்டிகள் இருக்கின்றன.

ரேடியோ காலம்

ஒற்றன் வருவதற்கு முன்னால் புதுப் பாடகர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தது யார்? மனுஷர்கள்தான்!

சிவகங்கைச் சீமை கொல்லங்குடி கருப்பாயியை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது ஆல் இந்தியா ரேடியோ. 1985-ல் “ஆண்பாவம்” படத்தில் நடிப்பதற்கு முன்பே ரேடியோவில் அவர் குரல் ஒலித்தது. மதுரை பரவை முனியம்மாவை மேடையும் கேசட்டும் வளர்த்தன. 2003-ல் “தூள்” படம் வந்தபிறகுதான் பட்டணத்துக்காரர்களுக்குத் தெரிந்தது. அவர் 2020 மார்ச்சில் காலமானார்.

கே.ஏ.குணசேகரன் “தன்னானே” குழுவோடு ஊர் ஊராகப் போனார். பேராசிரியராகவும் இருந்து கொண்டு, ஒடுக்கப்பட்டவர்கள் பாட்டை மேடை ஏற்றியவர். 2016 ஜனவரியில் மறைந்தார். மதுரை விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கணவரோடு சேர்ந்து கிராமத்துப் பாட்டுக்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். புஷ்பவனம் குப்புசாமி - அனிதா தம்பதி கேசட் ஓடாத டீக்கடையே ஒரு காலத்தில் இல்லை.

டீக்கடைக்காரர், கேசட் கடைக்காரர், ரேடியோ நிலையத்துக்காரர். இவர்கள்தான் அன்றைய ஒற்றர்கள். “அண்ணே, இது உங்களுக்குப் பிடிக்கும், கேட்டுப் பாருங்க” என்று கேசட் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். கூட்டாளி துப்பு, அடையாளத் துப்பு, ஊர் பேச்சு மூன்றும் அவர் மண்டைக்குள்ளேயே இருந்தது. ஒரே வித்தியாசம். அவருக்குப் பக்கத்து ஊர் பம்பைக்காரரையும் தெரியும்!

ஏன் சிக்கவில்லை?

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஆடி மாதத்தில் அம்மன் கோவில்களில் ராத்திரி முழுக்க பம்பை அடித்து, உடுக்கை அடித்து, வர்ணித்துப் பாடுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. கூட்டம் கண்கொட்டாமல் நின்று கேட்கிறது. சாமி வந்து ஆடுகிறது. ஆனால் மறுநாள் காலையில் அந்தக் குரலை போனில் தேடினால் பெரும்பாலும் “முடிவுகள் இல்லை” என்றுதான் வருகிறது. காரணங்கள் நான்கு.

ஒன்று, சாட்சி இல்லை. பாட்டே ஏற்றவில்லை என்றால் கேட்டவர் பட்டியல் ஏது? ஏற்றியிருந்தாலும் 10 பேர்தான் கேட்டிருக்கிறார்கள் என்றால் கூட்டாளிக் கணக்கு ஓடாது. புதிய ஆளுக்கு முதல் சாட்சி கிடைக்கும்வரை ஒற்றன் அவரைக் கண்டுகொள்ளவே மாட்டான். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்கிற கதை!

இரண்டு, பெயர்க் குழப்பம். நம் கலைஞர் பெயரை இங்கிலீஷில் எழுதும்போது ஒருவர் ஒரு விதமாக எழுதுகிறார், இன்னொருவர் வேறு விதமாக எழுதுகிறார். ஒற்றன் கணக்கில் அது இரண்டு ஆள்! சேர வேண்டிய சாட்சி இரண்டாகப் பிளந்து போகிறது.

மூன்று, விலாசம் மாறிப் போகிறது. நாட்டுப்புற பாடகர் சினிமாவில் பாடினால் பாட்டு இசையமைப்பாளர் பெயரிலும் பட பெயரிலும் போய் நிற்கிறது. அந்தப் பாட்டைத் தொடர்ந்து அடுத்து வருவது அதே இசையமைப்பாளரின் டூயட் பாட்டு. பாடகரின் மற்ற பாட்டு அல்ல.

நான்கு, சிலருக்கு “பக்தி” என்று முத்திரை குத்தி விடுகிறார்கள். அம்மன் பாட்டு என்று ஒரு மூட்டையில் போட்டுக் கட்டி விட்டால், உள்ளே இருக்கும் பம்பைத் தாளத்தை இசைப் பிரியர்கள் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

48 பாட்டு சோதனை

“நல்ல பாட்டாக இருந்தால் தானாக மேலே வரும், இதில் என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். அது சரிதானா என்று அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே பார்த்து விட்டார்கள்.

யாருக்கும் தெரியாத கோஷ்டிகளின் 48 பாட்டுக்களை எடுத்தார்கள். 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்கு வெறும் பாட்டு மட்டும். மற்றவர்களை 8 தனித்தனி உலகங்களாகப் பிரித்து, “இந்தப் பாட்டை இதுவரை இத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள்” என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். 2006-ல் முடிவு வெளியானது.

என்ன நடந்தது தெரியுமா? எண்ணிக்கையைக் காட்டிய இடங்களில் ஓடிய பாட்டு இன்னும் ஓடியது. படுத்த பாட்டு இன்னும் படுத்தது. ஒரே பாட்டு, ஒரு உலகத்தில் முதல் இடம். இன்னொரு உலகத்தில் 40-வது இடம்! ரொம்ப மோசமான பாட்டு ஜெயிக்கவில்லை, ரொம்ப நல்ல பாட்டு அடியோடு தோற்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் நடுவில் இருக்கும் அத்தனை பாட்டுக்கும் முதலில் வந்த நாலு பேர் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதே தலையெழுத்து!

இங்கிலாந்தில் நிக் டிரேக் என்று ஒரு பாடகர். ஒற்றைக் கிதாரோடு மூன்று இசைத்தட்டு வெளியிட்டார். விற்கவில்லை. 1974-ல் தன் 26-வது வயதில் செத்துப் போனார். கால் நூற்றாண்டு கழித்து 1999-ல் ஒரு கார் விளம்பரத்தில் அவர் பாட்டைப் போட்டார்கள். உடனே ஜனங்கள் கடைக்கு ஓடி இசைத்தட்டு வாங்கினார்கள். பாட்டு அதே பாட்டுதான். காதில் போடுவதற்கு ஆள் வந்ததுதான் தாமதம்!

காசு எங்கே?

கண்டுபிடிப்பது வெறும் பொழுதுபோக்கு விவகாரம் இல்லை. இதில் வயிற்றுப்பாடும் இருக்கிறது.

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 வினாடியாவது கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல் இன்னொரு நிபந்தனையும் வந்தது. 12 மாதத்தில் ஒரு பாட்டு குறைந்தது 1,000 தடவை ஓடியிருந்தால்தான் அந்தப் பாட்டுக்குப் பங்கு. 999 என்றால் காலணா கிடையாது!

கம்பெனி தரும் பங்கைக் குறைத்துக்கொள்ள சம்மதித்தால், அந்தப் பாட்டை முன்னால் தள்ளுகிற திட்டம் ஒன்றையும் அந்தக் கம்பெனி 2020-ல் அறிவித்தது. கூலியைக் குறைத்துக்கொண்டால் வேலை. சிப்காட் கேட்டில் நிற்கும் கான்டிராக்ட் தொழிலாளிக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்!

பேர் கிடைத்தவர்களுக்காவது பணம் வந்ததா? “எஞ்சாய் எஞ்சாமி” பாட்டால் தனக்கும் அறிவுக்கும் தீக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வீடியோ வெளியிட்டுப் பரபரப்பை உண்டாக்கினார். அதற்கு முன் 2021 ஆகஸ்டில் பெயர் தகராறு. அந்தப் பாட்டைப் பெரிதாகப் பேசிய “ரோலிங் ஸ்டோன்” இந்தியப் பதிப்பின் அட்டையில் தீ படம் இருந்தது, அறிவு படம் இல்லை. எழுதியவரை எங்கே என்று பா.ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் அறிவு படத்தோடு தனியாக இன்னொரு அட்டை வெளியிட்டார்கள்.

உலகமே பாடிய பாட்டுக்கே இந்தக் கதி என்றால், ராத்திரி முழுக்க பம்பை அடித்துவிட்டு விடிகாலை பஸ் பிடிக்கிறவர் கதி என்ன?

அரசாங்கப் பக்கத்தில் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் இருக்கிறது. 2007-ல் தொடங்கிய “சென்னை சங்கமம்” பல ஆண்டு நின்று போய், 2023 பொங்கலில் இருந்து மறுபடியும் நடக்கிறது. 2020 டிசம்பரில் இருந்து “மார்கழியில் மக்களிசை” மேடையில் கானாவும் பறையும் ஒலிக்கிறது. 2025-ல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மேடையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஆனால் தினமும் காதில் விழுவதற்கு வழி போன்தான்.

என்ன செய்யலாம்?

ஒற்றனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவனைப் பழக்க வேண்டும். அதற்குச் சில வழிகள் உண்டு.

* பாட்டு பிடித்தால் பாட்டோடு நிற்காதீர்கள். பாடியவர் பெயரைத் தொட்டு, அவர் பக்கத்துக்குப் போய் சினிமாவில் வராத பாட்டு என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

* குழு என்றால் அதில் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேடுங்கள். பாடகர், மேளக்காரர், எழுதியவர். ஆள் பின்னால் போனால் புது ஆள் கிடைப்பார்.

* வாத்தியத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பம்பை, பறை, உடுக்கை, கானா, தெருக்கூத்து என்று தமிழிலும் இங்கிலீஷ் எழுத்திலும் இரண்டு விதமாகவும் போடுங்கள். ஒன்றில் சிக்காதது இன்னொன்றில் சிக்கும்.

* 30 வினாடியாவது கேளுங்கள். பிடித்திருந்தால் சேமித்து வையுங்கள். தெரியாத பாடகருக்கு நீங்கள் கொடுக்கும் சாட்சி அதுதான்.

* “உங்களுக்காக” வரும் பட்டியலில் முதல் நாலைந்து பெரும்பாலும் தெரிந்த முகமாகத்தான் இருக்கும். கீழே இறங்கிப் பாருங்கள். புதையல் அடியில் இருக்கும்.

* வீட்டுப் பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்து மழலைப் பாட்டு போட்டுவிட்டு, “எனக்கு ஏன் பொம்மைப் பாட்டாகவே வருகிறது” என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒற்றனுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. கேட்ட காது எல்லாம் உங்கள் காதுதான்!

* நீங்களே 20 பாட்டு சேர்த்து ஒரு பட்டியல் போட்டு, வேலையிடத்து வாட்ஸ்அப் குரூப்பில் விடுங்கள். பழைய கேசட் கடைக்காரர் செய்த வேலை அதுதான்.

கடைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். புதுவாயல் ரோட்டில் ஒரு டீக்கடையில் நாள் முழுக்க ஓடும் பாட்டு நூற்றுக்கணக்கான காதில் விழுகிறது. அதில் ஒரு மணி நேரம் தெரியாத பாடகர்களுக்கு ஒதுக்கினால் வியாபாரம் குறையாது. “இது யார் பாட்டு அண்ணே?” என்று கேட்டுக்கொண்டே இன்னொரு டீ சொல்வார்கள்!

பெயரைக் கேளுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று. அடுத்த தடவை கோவில் கொடையிலோ கூழ் ஊற்றும் இடத்திலோ ஒரு நல்ல குரல் காதில் விழுந்தால், பாட்டு முடிந்ததும் போய் பாடியவர் பெயரைக் கேளுங்கள். எந்த ஊர், எந்தக் குழு என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் ஒரு பாட்டைப் பதிவு செய்து, அவர் பெயரையும் ஊரையும் வாத்தியத்தையும் தெளிவாக எழுதி, அவருடைய கணக்கிலேயே ஏற்றிக் கொடுக்கலாம். வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் அரை மணி நேர வேலை. உங்கள் பெயரில் ஏற்றி விடாதீர்கள். அப்புறம் பாட்டு உங்களுடையதாகி விடும், பாடியவர் மறுபடியும் காணாமல் போவார்.

போனுக்குள் இருக்கும் ஒற்றனுக்குப் புதுவாயல் எங்கே இருக்கிறது என்று தெரியும். புதுவாயலில் யார் பாடுகிறார்கள் என்று தெரியாது. அந்தத் துப்பைக் கொடுக்க ஊர்க்காரர்களால்தான் முடியும்.